நாலு மணிச் சட்டி

அந்த உணவகத்தில் அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டு வயது மூத்த பாத்திரக்காரரும் அக்கா என்பார், பத்து வயது இளைய முதலாளியம்மாவும் அக்கா என்பார். ஒருமுறை வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்த அவருடைய சொந்தக் கணவரே பின்வாசலில் நின்று, "கொஞ்சம் அக்காவைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதை வைத்து மீன் வெட்டுபவர் ஒரு வாரம் சிரித்தார்.

அக்காவுக்கு அங்கே வேலை, காய் நறுக்குவது. 'அவ்வளவுதானா' என்று கேட்பவர்கள் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வந்து முப்பது கிலோ வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். அதற்கு முன்னால் பதினாறு வருஷம் அட்டைப்பெட்டி செய்யும் ஆலையில் இருந்தார். ஆலையை இழுத்து மூடியபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்; நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். மகளுக்குப் பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. கத்தி பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். "பதினாறு வருஷம் அட்டை வெட்டினேன், கேரட் என்ன அட்டையைவிடக் கெட்டியா?" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

வந்த முதல் நாளே ஒரு விஷயம் அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மூன்று மணிக்கு மதிய வியாபாரம் முடியும், ஐந்தரைக்கு மாலை வியாபாரம் தொடங்கும். நடுவில் சமையலறை ஆட்கள் பதினோரு பேரும் ஆளுக்கொரு மூலையில் வெறும் வயிற்றோடு சாய்ந்து கிடந்தார்கள். ஒருவர் பிஸ்கட் தின்றார், இன்னொருவர் சிகரெட்டைப் பிடித்துப் பசியை அடக்கினார். ஊரெல்லாம் வந்து வயிறு நிறைந்து போகிற இடத்தில் சமைக்கிறவன் பட்டினி! அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அக்கா கையாலேயே கூடை கூடையாகக் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. காலிஃபிளவரில் பூவை எடுத்துக்கொண்டு தண்டை எறிந்தார்கள். காளானில் குடையை எடுத்துக்கொண்டு காம்பை எறிந்தார்கள். மீன் தலை, நடுமுள், ரொட்டியின் ஓரம், பாலாடைக்கட்டியின் காய்ந்த விளிம்பு எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்தன.

மூன்றாம் நாள் அக்கா ஸ்டோர் அறையிலிருந்து விளிம்பு நசுங்கிய ஒரு பெரிய சட்டியைத் தேடி எடுத்தார். தலைமைச் சமையல்காரரிடம் போய், "மாஸ்டர், அந்த ஓரத்து அடுப்பு சும்மாத்தானே இருக்கு?" என்றார்.

மாஸ்டர் அதிகம் பேசாத மனிதர். "எதுக்கு?" என்றார்.

"சொன்னா வேணாம்பீங்க. நாலு மணிக்கு வந்து பாருங்க."

மீன் தலையையும் முள்ளையும் கொதிக்கவைத்து வடித்தார். தண்டுகளையும் காம்புகளையும் பொடியாக அரிந்து வெங்காயத்தோடு நன்றாக வதக்கி அந்தச் சாற்றில் கொட்டினார். ரொட்டி ஓரங்களைக் கிள்ளிப் போட்டார். பாலாடைக்கட்டி விளிம்பு உள்ளே கிடந்து கரைந்தது. நாலு மணிக்கு மூடியைத் திறந்தபோது பின்வாசல் பக்கம் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடைகளில் பதினோரு பேரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை; மூக்கு இழுத்து வந்தது. அன்று தொடங்கியது, பதினொரு வருஷம் ஒரு நாள் தவறவில்லை. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. "இன்னிக்குச் சட்டி என்ன?" என்பார்கள், அவ்வளவுதான். மீன் வெட்டுபவர் நல்ல தலையாகப் பார்த்து எடுத்துவைக்கத் தொடங்கினார். ரொட்டி சுடுபவர் ஓரங்களைத் தனிப் பையில் கட்டிவைத்தார். எல்லாரும் தின்ற பிறகு சட்டியைத் தேய்ப்பது பாத்திரக்காரர் பொறுப்பு.

அந்தப் பாத்திரக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். விடியற்காலையிலிருந்து மதியம் வரை ஒரு சலவைக்கூடத்தில் மருத்துவமனைப் போர்வைகளுக்கு இஸ்திரி போடுவார். இரண்டு மணிக்கு இங்கே வந்து தொட்டிக்கு முன்னால் நிற்பார். தனி ஆள். அவர் வாடகைக்கு இருந்த அறையில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பு. ஆகவே ஒரு நாளில் அவர் சூடாகச் சாப்பிடுவது அந்த நாலு மணிக்கு மட்டும்தான். இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. இரண்டாவது தட்டுக்கு அவர் வருவதைப் பார்த்து அக்காவே விசாரித்துத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு மூன்றாவது தட்டும் அவருக்கு உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உணவகம் படுத்துவிட்டது. அதே தெருவில் புதிதாக மூன்று கடைகள் வந்தன. மூன்றிலும் கண்ணாடிச் சுவர், தொங்குகிற விளக்கு, சாப்பிடுவதற்கு முன்னால் எல்லாரும் படம் பிடிக்கிற சாப்பாடு. இங்கே சனிக்கிழமை மாலையிலேயே பாதி மேசைகள் காலி. முதலாளியம்மா நல்ல மனுஷி. அப்பா விட்டுப்போன கடையை மூடக் கூடாது என்ற ஒரே வைராக்கியத்தில், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட மறந்து, மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஆலோசகரை வரவழைத்தார்.

உணவகங்களில் அடுத்த வருஷம் ஜனங்கள் எதை விரும்பித் தின்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அந்த மனிதரின் தொழில். இப்படியும் ஒரு தொழில் இருக்கிறது, என்னத்தைச் சொல்ல! சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு சின்ன ஸ்பூன் வைத்திருப்பார். வாயைத் திறந்தால் நாளைக்கு, அடுத்த வருஷம், இனிமேல் என்றுதான் வரும். மீன் வெட்டுபவர் அவருக்கு 'நாளைக்கு சார்' என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது.

"இனிப்பு முடிஞ்சுபோச்சு மேடம்" என்று நாளைக்கு சார் ஆரம்பித்தார். "தனி இனிப்பை இனிமே யாரும் தொட மாட்டாங்க. இனிப்போட காரம், அதான் இப்போ. அப்புறம் புகை. அப்புறம் புளிக்கவெச்சது."

தேனும் மிளகாயும் தடவிய கோழி வந்தது. கரி கலந்த கறுப்பு ரொட்டி வந்தது. அதைப் பார்த்த ஒரு சின்னக் குழந்தை அழுதது. முட்டைக்கோஸை இருபது நாள் ஜாடியில் புளிக்கவைத்து, அதில் ஒரு ஜாடி வெடித்து, மாஸ்டரின் ஒரே நல்ல மூக்குக் கண்ணாடி உடைந்தது. பூவிதழைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்த பானம் வந்தது. குடித்தவர்கள் இதழைத் துப்பினார்கள். எதுவும் எடுபடவில்லை. பக்கத்துக் கடைகளிலும் அதே நாளைக்கு சாரைப் போல ஒருவர் வந்து அதையேதான் சொல்லியிருந்தார் போலும்.

தோற்றுப்போன முகத்தோடு அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நாளில் முன்வாசலில் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார்கள். மணி நாலு. சட்டி திறந்திருந்தது. நாளைக்கு சார் நின்றுவிட்டார். பையைக் கீழே வைத்தார். ஸ்பூனை எடுத்தார். ஒரு வாய், இரண்டு வாய், அப்புறம் ஸ்பூனைப் பையில் போட்டுவிட்டு ஒரு தட்டை வாங்கிக்கொண்டு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்.

"இதுல என்னென்ன இருக்கு?" என்றார்.

"குப்பைதான் சார்" என்றார் மீன் வெட்டுபவர்.

"குப்பையா?" அவர் கண் விரிந்தது. "குப்பைக்குப் போறதை வெச்சுப் பண்ணினதா? மேடம்! மேடத்தைக் கூப்பிடுங்க! இதான் மேடம், இதான்! எதையும் வீணாக்காத சமையல். உலகம் முழுக்க இனிமே இதைத்தான் கேக்கப் போறாங்க, நம்ம பின்வாசல்ல வெந்துக்கிட்டிருக்கு. யாரோடது இது?"

பதினோரு பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "என்னோடதுதான் சார்" என்றார்.

சொன்னபோது முகம் சூடேறியது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பெரிய மனிதர் அவரிடம் கேள்வி கேட்டு, பதிலைக் குறிப்பெடுத்துக்கொள்வது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட்டார், நன்றாகவே பட்டார். அதில் என்ன தப்பு?

இரண்டு வாரத்தில் புதிய மெனு அட்டை அச்சாகி வந்தது. முதல் பக்கத்தில் முதல் வரியில் 'அக்காவின் சட்டி'. கூடத்துச் சுவரில் அக்கா கரண்டியோடு நிற்கிற படம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு கதை வேண்டும், அதுதான் இப்போது உப்பைவிட முக்கியம் என்றார் நாளைக்கு சார். "உங்க அம்மா கையால கத்துக்கிட்டதுன்னு போடலாமா?"

"எங்க அம்மாவுக்குச் சுடுதண்ணிகூட வெக்கத் தெரியாது சார். எங்க அப்பா அதைச் சொல்லியே அழுவார்."

நாளைக்கு சார் அதைக் குறித்துக்கொண்டார், ஆனால் அட்டையில் போடவில்லை.

சட்டி பிய்த்துக்கொண்டு போனது. சும்மா சொல்லக் கூடாது, கண்ணாடிச் சுவர்க் கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இங்கே வந்து வரிசையில் நின்றார்கள். முதலாளியம்மா மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். அக்காவுக்கு வெள்ளைக் கோட்டு, தனி அடுப்பு, காய் நறுக்க வேறு ஆள். வீட்டில் கணவர் மெனு அட்டை ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டினார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற மகள் அங்கே வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அம்மா சட்டியைச் சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

ஒன்று மட்டும் நின்றுபோனது. தண்டு, காம்பு, தலை, ஓரம் எல்லாமே இப்போது வாடிக்கையாளருக்கு. நாலு மணிக்குப் போட ஒன்றும் மிஞ்சவில்லை. முதலாளியம்மா அதை மறந்துவிடவில்லை. ஆளுக்கு இரண்டு பன்னும் டீயும் என்று ஏற்பாடு செய்தார். முதல் வாரம் எல்லாரும் கூடைகளில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்தார்கள். இரண்டாம் வாரம் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். அக்கா நாலு மணிக்குப் பின்வாசலுக்குப் போனால் கூடைகள் மட்டும் கிடந்தன.

அக்காவுக்கு அது ஏதோ உறுத்தியது, ஆனால் பசி என்று தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? காலையிலிருந்து உப்புப் பார்த்துப் பார்த்து அவர் வயிறு எப்போதும் நிறைந்தே இருந்தது. அவர் கண்ணில் பட்டது வேறு. முன்பெல்லாம் வாய் ஓயாமல் கிண்டல் பண்ணுகிற மீன் வெட்டுபவர் இப்போது, "வணக்கம் அக்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். பேசிக்கொண்டிருப்பவர்கள் அவர் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள்.

"பொறாமை" என்றார் கணவர், இடுப்புக்கு வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு. "நேத்து வரைக்கும் கூட உக்காந்து தின்னவ, இன்னிக்குச் சுவத்துல படமா நிக்கறா. வயிறு எரியாதா?"

"அவங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்லைங்க."

"ஆளுங்க எல்லாம் ஒண்ணுதாம்மா. நான் எத்தனை பேரைத் தூக்கிட்டுப் போயிருக்கேன்."

அக்கா வாதாடிப் பார்த்தார். ஆனால் படுக்கப் போகும்போது அந்த வார்த்தை மனசில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் பொறாமையாகவே தெரிந்தது. ரொட்டி சுடுபவர் ஓரப் பையை மேசையில் கொஞ்சம் சத்தமாக வைத்தால்கூட, 'ஓகோ' என்று நினைத்துக்கொண்டார். தன்மேல் அவர்களுக்குக் கோபம் என்று நினைத்து, அவர்கள்மேல் இவருக்குக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில் ஒரு நாள் அடுப்பைக் கவனிக்காமல் விட்டு சட்டி அடிப்பிடித்துவிட்டது. மறுபடி செய்ய நேரமில்லை. வாசலில் ஆட்கள் நின்றார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதையே கொடுத்தனுப்பினார். இன்றோடு மானம் போச்சு என்று கோட்டைக் கழற்றத் தயாராக நின்றார். அரை மணி நேரத்தில் பரிமாறுபவர் ஓடி வந்தார்.

"அக்கா, நாலாம் நம்பர் மேசையில இன்னொண்ணு கேக்கறாங்க. அந்தக் கரிஞ்ச வாசனை பிரமாதமாம்!"

மறுநாள் நாளைக்கு சார் போன் செய்தார். "அக்கா, எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? கசப்பும் கரியும்தான் அடுத்த அலை, நானே இன்னும் யாருக்கும் சொல்லலை. அதை விட்டுடாதீங்க!"

அவ்வளவுதான். பிறகு தினம் வேண்டுமென்றே சட்டியை அடிப்பிடிக்க விட வேண்டியதாயிற்று. கருக்கிவிட்டு அக்கா போய்விடுவார். அந்தக் கரியைச் சுரண்டித் தேய்ப்பது பாத்திரக்காரர். அவருடைய விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. "அண்ணே, கையுறை போட்டுக்கோங்க" என்றார் அக்கா. "போட்டா பிடி நழுவுது" என்றார் அவர்.

தேவை கூடக்கூட இன்னொரு கூத்தும் நடந்தது. குப்பை போதவில்லை. தண்டுக்காகவே காலிஃபிளவர் வாங்கத் தொடங்கினார்கள். காம்புக்காகவே காளான் மூட்டை மூட்டையாக வந்தது. எதையும் வீணாக்காத சமையலுக்காகப் பூவும் குடையும் மலைபோல் மிஞ்சின. முதலாளியம்மா அவற்றைப் பக்கத்து மாணவர் விடுதிக்குக் கொடுக்கப் பேசி முடித்தார். காய் நறுக்க வந்த புதிய ஆள், "இந்தக் கடையில எல்லாம் தலைகீழா இருக்கே" என்று மாஸ்டரிடம் கேட்டாராம். "பழகிடும்" என்றாராம் மாஸ்டர்.

மூன்று மாதம் ஆனது. ஒரு புதன்கிழமை, மதிய வியாபாரம் முடிகிற நேரம். பெரிய கரண்டி ஒன்று வேண்டுமென்று அக்கா தானே பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனார். தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரக்காரர் முதுகைக் காட்டி நின்றார். தொட்டிக்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பல வருஷமாக இருப்பதுதான்: 'வாடிக்கையாளர் தட்டில் மீந்ததைத் தின்பவர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவார்.' அதற்கு நேர் கீழே, யாரோ பாதி தின்று வைத்துவிட்டுப் போன 'அக்காவின் சட்டி' கிண்ணத்தைக் கையில் வைத்து, பன்னைத் தொட்டு வழித்து வழித்து அவர் தின்றுகொண்டிருந்தார். வேகமாகத் தின்றார். கிண்ணத்தின் ஓரத்தில் உதட்டுச் சாயம் ஒட்டியிருந்தது; அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தின்றார்.

 திரும்பிப் போய்விடலாம் என்று அக்கா நினைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். கிண்ணத்தைத் தண்ணீருக்குள் போட்டார். ஈரக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே..."

"உங்க கையால பண்ணினதுதானே அக்கா" என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு. "எச்சில்னு தோணலை."

அக்கா வெளியே வந்து, குளிர்பதன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காலிஃபிளவர் மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதார். அடி பாவி, பதினொரு வருஷம் போட்டவள் நீ, மூன்று மாதமாக அந்த மனுஷன் எதைத் தின்கிறான் என்று ஒரு நாள் கேட்டாயா என்று தன்னையே வைதுகொண்டார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. குளிர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக முதலாளியம்மாவின் அறைக்குப் போனார். அது அறை என்று பெயர். பில் போடுகிற மேசைக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

"அம்மா, இன்னிலேர்ந்து நாலு மணிக்கு மறுபடி சட்டி வெக்கணும். நம்ம ஆளுங்களுக்கு."

முதலாளியம்மா நிமிர்ந்தார். "எதை வெச்சு அக்கா? ஒரு தண்டுகூட மிஞ்சலையே."

"தண்டை வெளியில உக்காந்திருக்கிறவங்க தின்னட்டும். பூ இருக்கே, அதை எங்களுக்கு விடுங்க. காளான் குடையும்."

"அது விடுதிக்குப் போகுதே. வாக்குக் கொடுத்துட்டேன் அக்கா." அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. "மூணு மாசமா பன்னும் டீயும்தானே போகுது? யாரும் ஒண்ணும் சொல்லலை. இப்போ என்ன திடீர்னு? யாராவது ஏதாவது கேட்டாங்களா?"

 காரணத்தைச் சொன்னால் பாத்திரக்காரருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் பூ விடுதிக்குப் போகும். நேற்று இரவெல்லாம் என்ன பேசுவதென்று யோசித்த அக்கா, இந்தக் கேள்வி வரும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

"நான் தின்னேன்" என்றார்.

"என்ன?"

"நேத்து மதியம். யாரோ சாப்பிட்டு வெச்ச கிண்ணத்தை வழிச்சுத் தின்னேன். பசி தாங்கலை. தொட்டிக்கு மேல எழுதி ஒட்டியிருக்கிறது எனக்கும் தெரியும். அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க."

முதலாளியம்மா எழுந்துவிட்டார். "நீங்களா? அக்கா, உங்க படம் அங்க சுவத்துல..."  கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்தார். "உங்களை நான் பசியோடயா வெச்சிருந்தேன்? என் கடையை நிமித்தினதே நீங்கதானே."

"நான் மட்டும்னு நினைச்சீங்களா அம்மா?" என்றார் அக்கா மெதுவாக.

முதலாளியம்மா மறுபடி உட்கார்ந்தார். மேசையில் கிடந்த போனை எடுத்தார், விடுதிக்காரருக்குப் பேசினார், இன்று முதல் காய் கிடையாது என்றார், திட்டு வாங்கினார், வைத்தார். அக்கா வெளியே வந்தார். மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பில் போடுகிற பெண் உட்கார்ந்திருந்ததை அக்கா கவனிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் சமையலறை முழுக்கத் தெரிந்துவிட்டது: அக்கா எச்சில் தின்றார்களாம்.

நாலு மணிக்குச் சட்டி பின்வாசலுக்கு வந்தது. தண்டு இல்லை, காம்பு இல்லை. வெள்ளை வெளேரென்று பூவும், தடித்த காளான் குடையும், மாஸ்டர் கேட்காமலேயே கொண்டுவந்து போட்ட மீன் துண்டுகளும். அடியில் ஒரு பொட்டுக் கரி கிடையாது. எல்லாரும் கூடைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்துவிட்டது என்று அக்காவுக்கு அப்போதே புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கரண்டியை எடுத்து, "தட்டை நீட்டுங்க அண்ணே" என்றார்.

பாத்திரக்காரர் தட்டை நீட்டவில்லை. எழுந்து நின்றார்.

"அக்கா பொய் சொல்லியிருக்காங்க" என்றார். "கிண்ணத்தை வழிச்சுத் தின்னது நான்."

"அண்ணே, சும்மா உக்காருங்க."

"எதுக்கு உக்காரணும்? என் பசிக்கு நீங்க ஏன் கெட்ட பேர் வாங்கணும்?"

 அப்புறம் மீன் வெட்டுபவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "போன வியாழக்கிழமை நான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

"நான் ரெண்டு தடவை" என்றாள் பில் போடுகிற பெண். "மேசைக்கு அடியில வெச்சு."

ரொட்டி சுடுபவர் கையை மட்டும் தூக்கினார். பரிமாறுபவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கல்லாம் என்ன பெரிசா? கிண்ணம் மேசையிலேர்ந்து உள்ள வர்றதுக்குள்ள பாதி என் வயித்துல இருக்கும்" என்றார்.

யாரோ புரையேறிச் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியை ஓங்கிக்கொண்டு நின்றார்.

"பாவிகளா! மூணு மாசம்! என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்? நீங்க பேசாம ஒதுங்கி ஒதுங்கிப் போனதை நான்... பொறாமைன்னு நினைச்சேன்டா! வீட்டுல போய் உங்களைப் பத்திச் சொன்னேன்!"

சிரிப்பு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பாத்திரக்காரர்தான் பேசினார்.

"முப்பது வருஷமா தட்டு கழுவறேன் அக்கா, எத்தனையோ கடையில. சமையலறைக்குள்ள இருக்கிற ஒரு ஆளோட பேரு மெனுவுல ஏறி வெளிய போனதை அன்னிக்குத்தான் முதல்தடவையா பார்த்தேன். அந்த அட்டையை நாங்க எல்லாரும் ஆளுக்கொண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனோம். பசிக்குதுன்னு உங்ககிட்ட சொன்னா நீங்க அந்தப் பேரை மெனுவுலேர்ந்து இறக்கிடுவீங்கன்னு தெரியும். அப்படி இறக்க வேணாம்னு, உங்க முன்னாடி வாயைத் திறக்காம இருக்க நாங்கதான் பேசி வெச்சுக்கிட்டோம்."

அக்கா ஓங்கிய கரண்டியை இறக்கினார். சட்டிக்குப் பக்கத்தில் அப்படியே கூடையில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் எழுந்து வந்தார், அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கினார், முதல் தட்டை அக்காவுக்குப் போட்டார்.